தோன்றா எழுவாய்

எருமாடு சமுதாயக் கூடம், பிற்பகல் மூன்று மணி, மழை.
குறுக்குவில் வைத்திருத்தல், விற்றல், வாங்குதல்:
வரைவு விதிகள் மீது கருத்துக் கேட்பு.
வருகை பதினைந்து பேர்.
குறிப்பு எழுத என்னை உட்கார வைத்தார்கள்.

மேசை நடுவில் அது கிடந்தது,
சணலும் சீட்டும் சிவப்பு அரக்குமாக.
பத்தேரி பஸ்ஸில் கடைசி இருக்கைக்கு அடியில் அகப்பட்டது.
உறையில் 'உடற்பயிற்சிக் கருவி' என்றிருந்ததாம்.
இதுவரை யாரும் உரிமை கோரவில்லை.

சட்டத்தில் வில்லும் அம்பும் என்றுதான் இருக்கிறது,
கட்டையும் விசையும் வைத்த இது வில்லா
என்று கேட்டார் வக்கீல் ஹாஜிறா.
வில்தான் என்றார் வனச்சரகர் தணிகைவேல்.
இல்லை என்றார் கேளு.
வில்லை இழுத்தால் இழுத்தவன் கை நடுங்கும்,
இதை இழுத்து மாட்டிவிட்டு
பீடி பற்றவைத்து வந்து விடலாம்,
குறும்பர் வில்லை இந்த விதிக்குள் இழுக்காதீர்கள் என்றார்.
இரண்டு முறை சொன்னார்.
இரண்டு முறையும் எழுதினேன்.

பைலிச்சேட்டன் எழுந்தார்.
ஓடைக்கு அந்தக் கரையில் பஞ்சாயத்தே ஆள் வைத்துச் சுடுது,
இங்கே நான் மனு எழுதணும்.
பன்றி அங்கே தூங்கி இங்கே சாப்பிடுது,
நம்மில் பாதிப் பேரைப் போல.
சிரித்தார்கள். சிரிப்பைக் குறிப்பில் சேர்ப்பதில்லை.

சத்தம் இல்லாததுதான் ஆபத்து என்றார் கோவையிலிருந்து வந்தவர்.
துப்பாக்கி என்றால் ஊர் கேட்கும்.
இதில் தவறினால் பட்டதற்கும் தெரியாது,
விட்டவனுக்கும் தெரியாது.

தை மாதம் என் பசு
பின்தொடையில் அலுமினிய அம்போடு வீடு வந்தது.
மஞ்சள் வைத்துக் கட்டினேன்.
நீலச் சிறகு வைத்த அம்பு பரண்மேல் இருக்கிறது.
சொல்லவில்லை.
குறிப்பு எழுதுகிறவளுக்குக் கருத்து கிடையாது.

பிறகு வந்தது நான்காம் விதி:
'சராசரி மனிதர் எளிதில் இழுக்க இயலாதவை' தடை செய்யப்படும்.
எளிது என்றால் எவ்வளவு?
இழுத்தே பார்த்துவிடலாம் என்று சரகர் அதைத் தூக்கினார்.
கால் வைக்கிற வளையத்தைக் கைப்பிடி என்று நினைத்தார்.
முட்டியில் ஊன்றினார், வயிற்றில் ஊன்றினார்.
நாண் அசையவில்லை.
வனக்காவலர் இருவர் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.
அரக்கு உடைந்ததுதான் மிச்சம்.

அப்போது யோகராசா டீ கொண்டு வந்தார்.
வருகைப் பதிவில் அவர் இல்லை.
ஞாயிறுகளில் அவர் கடை வறுவல் என்ன கறி என்று
சரகர் உட்பட யாரும் கேட்டதில்லை.

தட்டை ஜன்னல் திட்டில் வைத்தார்.
குடுங்க சார் என்றார்.
வளையத்தில் செருப்புக் கால்,
நாணில் இரண்டு கை, ஒரே நிமிர்வு.
டக்.

மழை பெய்துகொண்டிருந்தது தெரிந்தது.

வில்லை மேசையில் வைத்தார்,
முனை சுவரைப் பார்க்க.
சீனி கம்மி யாருக்கு என்றார்.
பதினைந்து பேரும் அவரவர் கிளாஸைப் பார்த்தார்கள்.
ஹாஜிறா கண்ணாடியைத் துடைத்தார்.
சரகர் என் பேனாவைப் பார்த்தார்.

தை மாதத்திலிருந்து என் டீக்கு
அவர் காசு வாங்குவதில்லை.
பட்டா மனுவுக்காக என்று நினைத்திருந்தேன்.

பள்ளியில் ஒரு பாடம் உண்டு:
எழுவாய் வெளியே தெரியாமலும்
வாக்கியம் முடியும், பிழை இல்லை.
எழுதினேன்:
'கருவி இழுத்துப் பார்க்கப்பட்டது.
இயங்கும் நிலையில் உள்ளது என உறுதி செய்யப்பட்டது.
நான்காம் விதி அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.'
வாசித்துக் காட்டினேன்.
ஆட்சேபம் இல்லை.

கிளாஸ் எடுக்க வந்தபோது
இருபது ரூபாய்த் தாளை நீட்டினேன்.
கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.
வாங்கிக்கொண்டு
எட்டு ரூபாய் மீதி தந்தார்.