வண்டி எடை கழித்து

முதல் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது.
இரண்டாம் நிலை லீக் தொடங்குகிறது,
சுங்கை மெர்பாவ் தோட்ட விளையாட்டு மன்றத்துக்கு இடமுண்டு,
இப்படிக்கு, தேசியக் காற்பந்துச் சம்மேளனம்.

வியாழக்கிழமை அடுத்தது.
அந்த லீக் எங்களுடையது.
அவர்கள் அட்டவணையில் ஆடினால் எங்களிடம் இடமில்லை,
இப்படிக்கு, லீக் நிறுவனம், செண்டிரியான் பெர்ஹாட்.

இரண்டு தாளிலும் புலி முத்திரை.
ஒரு புலி வலப்பக்கம் பார்க்கிறது,
இன்னொன்று இடப்பக்கம்.

நான் செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி.
பகலில் லோரிகளை நிறுக்கிறேன்,
குலையோடு ஒருமுறை, வெறும் வண்டியாக ஒருமுறை.
ஆறு மணிக்கு மேல் மன்றச் செயலாளர்.

நிபந்தனைகள் பதினேழு பக்கம்.
ஐயாயிரம் இருக்கை.
(எங்களிடம் சிமெண்டுப் படி நான்கு. அதில் ஒன்று ஆடும்.)
மின்விளக்குக் கோபுரம் நான்கு.
வங்கி உத்தரவாதம் மூன்று லட்சம் வெள்ளி.
ஊக்கமருந்துச் சோதனைக்குத் தனி அறை, தனிக் கழிவறை,
கண்ணாடி கட்டாயம்.
பசியாறிக்கொண்டிருந்த பொருளாளர் கமலவேணி
ரொட்டி சானாயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:
"கண்ணாடி யாருக்கு?"

சண்டை என்னவென்று தெரிந்துகொள்ளக்
கோலாலம்பூருக்கு நான்கு முறை போன் செய்தேன்.
கீழே ஒரு லீக் வேண்டுமா என்று
மேலே இருக்கும் பதின்மூன்று மன்றங்கள் ஓட்டுப் போட்டனவாம்.
வேண்டும், ஆனால் நாங்கள் யாரும் இறங்கமாட்டோம்
என்றன ஒன்பது.
யாரும் இறங்காத ஏணியில்
ஏறுகிறவன் எங்கே கால் வைப்பான் என்று கேட்டேன்.
விதி 41-ஐப் பாருங்கள் என்றது ஒரு பெண்குரல்,
மிகுந்த மரியாதையோடு.
விதி 41, விதி 12-ஐப் பார்க்கச் சொன்னது.
விதி 12 இன்னும் எழுதப்படவில்லை.

ஆயாக் கொட்டகையில் கூட்டம் போட்டோம்.
சம்மேளனத்துக்கு ஆறு கை, நிறுவனத்துக்கு ஆறு கை.
தலைவர் மரியசூசை தன் ஓட்டைச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
"அடுத்த வாரம்" என்றார்.
ஆறு மாதமாக அது அடுத்த வாரம்.
இதற்குள் துணைத்தலைவர் தனியாக ஒரு மன்றம் பதிந்துவிட்டார்.
அதே பெயர், பின்னால் 'பாரு' மட்டும் அதிகம்.
புதுசு என்கிறாரா
என்னைப் பாரு என்கிறாரா, தெரியவில்லை.
சண்டை கீழே இறங்கி வர மட்டும்
ஏணி தேவைப்படவில்லை.

ஹைக்கல் எங்கள் கோல்காவலன், வயது பத்தொன்பது.
குலை வெட்டும் கையுறையைக் கழற்றிவிட்டு
மற்றதை மாட்டுவான்.
"கிராணி, நாம எந்த லீக்?"
தினமும் கேட்டான். இப்போது கேட்பதில்லை.
சிங்கப்பூரில் கிடங்கு வேலைக்குப் பாரம் நிரப்பியிருக்கிறான்.
சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

நேற்று நீதிமன்றம்
இரண்டு லீக்கையும் நிறுத்தி வைத்தது.
வழக்கு ஆகஸ்டில்.
ஆட்டப் பருவம் ஜூலையில் முடிகிறது.

கடைசி லோரி போனதும்
கோப்பை எடைமேடையில் வைத்தேன்.
இரண்டு கடிதம், பதினேழு பக்கம்,
நான் எழுதிய அறுபத்தொரு பதில்.
எங்கள் மேடை இருபது கிலோவுக்குக் கீழே கணக்கெடுக்காது.
பூஜ்யம்.
கோப்போடு நானும் ஏறி நின்றேன்.
அறுபது.
கோப்பைக் கீழே வைத்தேன்.
அறுபது.

திடலில் வெளிச்சம் தெரிந்தது,
மூன்று மோட்டார் சைக்கிள் விளக்கு.
தெய்வீகன் பெனால்டி அடிக்க
ஹைக்கல் தட்டிவிட்டான்.
பந்து வேலி தாண்டிச்
செம்பனைக்குள் போய் விழுந்தது.
பாம்புக்குப் பயந்து ஒருவரும் போகவில்லை.
நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன்.