அறுபத்தொன்று

லயத்து நிலையில் குனிந்து குனிந்து
கழுத்துக்கு ஒரு பணிவு வந்துவிட்டது.
மரியாதை தெரிந்த பையன் என்று
துரை நினைத்துக்கொண்டார்.

ஆறடி நாலரை அங்குலம்.
பெண் பார்க்கப் போனபோது
ஆறடி இரண்டு என்றார் தரகர்.
அந்த இரண்டரை அங்குலத்தைத் தவமலர்
இன்னும் சொல்லிக்காட்டுவாள்,
பல்பு மாற்றக் கூப்பிடும்போதெல்லாம்.

இப்போது ஓடுவது ஐம்பத்தாறு.
கொழும்பில் யாரோ ஓடிக் களைத்தது.
சீற் கம்பத்தை, இதற்குமேல் இழுக்காதே என்ற
கோட்டையும் தாண்டி இழுத்து
ஆறு வருடம்.
கொட்டகலையில் இருந்து இறங்கினால்
தலவாக்கலை வரைக்கும்
முழங்காலும் முழங்கையும் வழக்குப் பேசும்.
"அண்ணே, வெட்டுக்கிளி ஒண்டு
தீப்பெட்டியில ஏறின மாதிரி"
என்றான் பின்னால் வந்த பொடியன்.
பொய்யில்லை.

பிறகு அந்த றம்பொடை மழை.
சுரங்கத்துக்கு மேலே ஒரு டச்சுக்காரர்,
என்னிலும் அரை விரல் கூட,
வெடித்த டியூப்போடு நின்றார்.
ஒட்டிக் கொடுத்தேன்.
ஓடிப் பார் என்று கையால் காட்டினார்.

சீற்றை நான் தொடவில்லை.
அலன் கீ எடுக்கவில்லை.
ஏறினேன்.
கை நீண்ட இடத்தில் கைபிடி இருந்தது.
அவ்வளவுதான் நடந்தது.
மூன்று வளைவு வரைக்கும்
எனக்கு உடம்பு இருப்பதே தெரியவில்லை.
நாலாவதில் கொழுந்து லொறி வந்தது.
திருப்பிக் கொடுக்கும்போது குழாயில் பார்த்தேன்,
சின்ன எழுத்தில்: அறுபத்தொன்று.

அன்றிரவு சுவரோடு நின்றேன் வெறுங்காலில்,
மின்சார சபையின் மீற்றர் பதிவேட்டைக்
கவட்டில் இறுக்கிக்கொண்டு.
கபிஷா பென்சிலால் கோடு போட்டாள்.
தொண்ணூற்றைந்து சென்டிமீற்றர்.
இன்னொருக்கா.
தொண்ணூற்றைந்தே கால்.
மூன்றாம் தரம் கேட்டபோது
"மனுசன் ராவைக்கும் வளர்றார் போல"
என்று தவமலர் லைட்டை அணைத்தாள்.

கண்டியில் ரியால்தீன் கடை.
கூரையில் இருந்து எலும்புக்கூடுகளாய்த்
தொங்குகின்றன சட்டங்கள்.
"காபன் இருக்கு, தொள்ளாயிரம் கிராம்,
ஒரு விரலால தூக்கலாம்" என்றார்.
தூக்கினேன். உண்மைதான்.
"என்ன சைஸ்?"
"ஐம்பத்தெட்டு. ஸ்டெம் கொஞ்சம் நீளமாப் போட்டா
சரியாப் போகும்."

சரியாப் போகும்.
சட்டைக் கைக்குத் தையல்காரர் சொன்னது.
டிக்கோயா ஆஸ்பத்திரிக் கட்டிலில்
என் பாதம் வெளியே கிடந்தபோது
தாதி சொன்னது.

இன்னொன்று இருந்தது, கடையில் இல்லை, காகிதத்தில்.
டைட்டேனியம். அளவு கொடுத்தால் செய்வார்கள்.
ஐந்து மாதம் செல்லும்.
இங்கே மூடுபனி தகரத்தைத் தின்னும்,
ஆணியைத் தின்னும்; இதைத் தின்னாதாம்.
ஸ்டாக் அறுநூற்று முப்பது, ரீச் நானூற்று ஐந்து.
தலைக்குழாய் மட்டும் ஒரு சாண்.
"பார்க்க கேற் மாதிரி இருக்கும்"
என்றான் ரியால்தீனின் மகன்.
இருக்கட்டும். கேற்றுக்குள்ளே போகிறவன் நான்தானே.

விலையை இங்கே எழுதவில்லை.
இரண்டு சீட்டு, ஒரு சபைக் கடன்,
பழையதை விற்ற காசு.
"அதுக்கு ஓட்டோவே வாங்கலாம்" என்றாள் தவமலர்.
ஓட்டோவுக்குள் என்னை நினைத்துப் பார்த்தாள் போலும்,
அவளுக்கே சிரிப்பு வந்தது.
பிறகு சிரிக்காமல்,
"கபிஷாட ஸ்கூல் காசைத் தொடாட்டிச் சரி" என்றாள்.
தொடவில்லை.

படிவத்தில் முதல் கேள்வி உயரம்.
பழக்கத்தில் ஆறடி இரண்டு என்று எழுதிவிட்டேன்.
வெட்டினேன்.
ஆறடி நாலு என்று எழுதி,
கொஞ்சம் பொறுத்து
அரையையும் போட்டேன்.
வெட்டிய இடத்தில்
ரியால்தீன் என்னைக் கையொப்பம் வைக்கச் சொன்னார்,
காசோலைக்கு வைப்பதுபோல.

ஹட்டன் பஸ்ஸில் ஏறும்போது
தலை இடித்தது.
நிறம் சொல்லவில்லை என்பது
பேராதனை தாண்டித்தான் ஞாபகம் வந்தது.