அடுப்புக்கடியில் ஓர் எண்

தார்த்து நகரம். பிப்ரவரி.
ஆறு உறைந்து பதினேழு நாள்.
சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே
உர்மாஸின் சமையலறையில்
நான்கு நாற்காலி, ஒரு ஸ்டூல்,
வெள்ளிதோறும் ஒரு கோட்டை.

கோட்டை என்பது கட்டம் போட்ட தாள்.
அதன் ஓரம் அட்டைத் திரை நிறுத்திப்
பின்னால் உட்கார்ந்திருப்பவன் நான்.
காவலர், எலி, மழை, தேய்ந்த நிலா
எல்லாம் நானே.
என் பகடை எனக்கு மட்டுமே தெரியும்.

லேலோ திருடியாக ஆடுகிறாள்.
பகலில் தபால் நிலையத்தில்
பார்சல்களுக்கு எடை போடுகிறவள்.

ஒளிவதுதான் இந்த ஆட்டத்தில் பெருந்தொல்லை.
"கவனிக்கிறாயா, உருட்டு" என்றாலே போதும்,
அங்கே ஏதோ இருக்கிறதென்று
மேசை முழுக்கத் தெரிந்துவிடும்.
இரண்டு விழுந்தவன்
ஒன்றும் காணாதவன்போல்
வாள்பிடியில் கை வைத்துக்கொண்டே நடப்பான்.
அதனால் சும்மா சும்மா உருட்டுவேன்,
வெற்றறைக்கு ஒரு தரம்,
வெறும் மரத்துக்கு ஒரு தரம்,
சத்தம் கேட்கட்டுமென்று.
கள்ளன் பெரியவனா, காப்பான் பெரியவனா?
இரண்டு பேருக்கும் உருட்டுகிறவனைப் பற்றி
யாரும் கேட்பதில்லை.

போன மாதம் ஒன்று செய்தேன்.
தானியக் கிடங்கில், மூட்டைகளுக்கு நடுவே
அவள் ஒளிந்தாள். பதினாறு.
திரைக்குப் பின்னால் என் காவலனுக்கு விழுந்தது
நான்கு.
ஆனால் நான் மூன்று இரவு விழித்து
ஒரு சிறைச்சாலை எழுதி வைத்திருந்தேன்,
ஈரச் சுவர், ஒற்றைக்கண் சமையல்காரன் சகிதம்.
"பதினெட்டு" என்றேன்.
விளக்கு அவள் முகத்தில் விழுந்தது.

அவள் சண்டை போடவில்லை.
"எந்தக் கண்ணால் பார்த்தான்?" என்று கேட்டாள்.
தானெல் சிரித்தான்.
நான் சிறையை வாசித்தேன்.
நல்ல சிறைதான்.

இன்றிரவு மறுபடியும் மூட்டைகள்.
அவள் உருட்டிய பகடை
தேநீர்க் கோப்பையில் மோதி, எகிறி,
தரையில் ஓடி
விறகடுப்புக்கு அடியில் போய்விட்டது.
தானெல் குனிந்தான்.
"விடு" என்றேன். ஏனென்று எனக்கே தெரியவில்லை.
"காவலன் இன்னும் வரவில்லையே.
அவன் மூட்டையைப் பார்க்கும்போது
நாமும் பார்ப்போம்."

பிறகு நாற்பது நிமிடம்
எப்படி ஒளிந்திருக்கிறோமென்று அவளுக்குத் தெரியாது.
எனக்கும் தெரியாது.
அவள் சின்னச் சின்னதாக மூச்சு விட்டாள்.
என் காவலன் வந்தான்,
ஒரு பூட்ஸின் ஆணி குத்துகிறதென்று திட்டினான்,
பாதி மறந்த பாட்டை முணுமுணுத்தான்.
அவனுக்குத் தெரியாததை
நான் தெரியாததுபோல் நடிக்க வேண்டியிருக்கவில்லை.
இத்தனை வருடத்தில் முதல் தடவை
ஒருவனோடு கிடங்குக்குள் சும்மா நடந்து போனேன்.

மூட்டை முன் நின்றான். விளக்கு தூக்கினான்.
"இப்போது."

லேலோ தரையில் கவிழ்ந்து படுத்தாள்,
கன்னம் லினோலியத்தில்,
கையில் போன் வெளிச்சம்.
அந்த இடுக்கில் ஒரு தலைதான் போகும்.
ஒரு கார்க்கு கிடக்கிறது என்றாள்.
பூனையின் மணி என்றாள்.
அப்போதுதான் எனக்கு உறைத்தது,
திரை இன்று அவள் பக்கம்.

ஓர் எண்ணைப் படிக்க ஆகிற நேரத்தைவிட
கொஞ்சம் கூடவே பேசாமல் இருந்தாள்.

"மூன்று."

எழுந்தாள். கன்னத்தில் சாம்பல்.
யாரும் குனிந்து சரிபார்க்கவில்லை.
உர்மாஸ் அடுப்பில் ஒரு விறகு வைத்தான்.

"போன மாதம் அது நான்கு" என்றேன்,
யாரிடமென்று இல்லாமல்.

"தெரியும்.
அந்தப் பதினெட்டு
கொஞ்சம் கனமாக இருந்தது" என்றாள்,
ஸ்டூலை மேசையோடு இழுத்துப் போட்டு.
"சரி, பார்த்துவிட்டான்.
என்ன சொல்கிறான் உன் காவலன்?"