நகவெட்டிக்குக் கையெழுத்து

டண்டீ. பிப்ரவரி.
டே நதிமேல் இறங்கிய மூட்டம்
ரயில் பாலத்தின் பாதியை விழுங்கியிருந்தது.
பழைய சணல் ஆலையின் இரண்டாம் மாடியில்
பத்து நாற்காலி, எட்டுப் பேர்.
எய்லி வெள்ளைப் பலகையில் எழுதினாள்:
உங்களை நீங்கள் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?
மேசைமேல் ஒரு மெழுகுவர்த்தியும் வைத்தாள்.
லாவெண்டராம்.
தீப்பெட்டிக்கு இங்கே அனுமதி இல்லை.
எரியாமலே மணத்தது, கொஞ்சம்.

யாரும் வாய் திறக்கவில்லை.
ரேடியேட்டர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டது.

பிறகு டூகல்,
முப்பது வருடம் இழுவலைப் படகில் கிடந்தவன்,
"கால்நகம் வெட்டினேன்" என்றான்.
"ஞாயிற்றுக்கிழமை. பத்து விரலுக்கும்."
சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.
"ஆபீசில் கையெழுத்துப் போட்டு
நகவெட்டி வாங்கினேன்.
என் காலை நான் பார்த்து
எத்தனை வருடமாச்சு தெரியுமா?
ஊசிக்கு நரம்பு தேடும்போது
பார்த்ததெல்லாம் கணக்கில் வராது."

எய்லி எழுதினாள்: நகம்.

மோர்வன் தபால் பிரித்தாளாம்.
ஒரு பிளாஸ்டிக் பை நிறைய,
வீடு விட்டு வீடு தூக்கிக்கொண்டே திரிந்த உறைகள்.
வாடகைப் பாக்கி, மின்சாரம், நீதிமன்றம்,
மறுபடியும் வாடகை.
நடுவில் நூலகத்திலிருந்து ஒன்று:
ஆறு வருடமாகத் திரும்பாத புத்தகம்,
அபராதம் தள்ளுபடி.
"நீர்நாயைப் பற்றின கதை. படம் போட்டது.
அவளுக்கு அப்போ மூணு வயசு"
என்றவள்
கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டாள்.
தபால் என்று எழுத
எய்லிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

என் முறை.
"சூப் வைத்தேன்" என்றேன்.
பொய்யில்லை. பருப்பு, கேரட், ஒரு லீக் தண்டு.
இரண்டு கிண்ணம் குடித்தேன், உட்கார்ந்து, சூடாக.

சொல்லாதது இது:
இரண்டாம் கட்டத்துக்கு வந்தவர்களுக்கு
போனைத் திருப்பித் தருவார்கள்.
வெள்ளி இரவு இரண்டு மணிக்கு அது ஒளிர்ந்தது.
லாக்லன்.
ஹில்டவுன் மாடிப்படியில் ஒருநாள்
நான் நீலம் பாரித்துக் கிடந்தபோது
மற்றவர்கள் என் பையைத் துழாவ,
வாயோடு வாய் வைத்து
என்னைத் திரும்ப ஊதி எழுப்பியவன்.
பணம் கேட்கத்தான் கூப்பிடுவான், பெரும்பாலும்.
பெரும்பாலும்.

போனை ஷூவுக்குள் போட்டேன்.
ஷூ ஒளிர்ந்தது.
ஏழு தடவை.

எல்லை வகுத்தல் என்கிறது கையேடு,
பதினான்காம் பக்கம், ஒரு வேலிப் படத்தோடு.
கைவிடுதல் என்றால் வேறு சத்தம் கேட்கும் என்றுதான்
நானும் நினைத்திருந்தேன்.
இரண்டுக்கும் ஒரே ரிங்டோன்.

தேநீர் இடைவேளையில்
மோர்வன் என் பக்கத்தில் வந்து நின்றாள்.
"சுவர் மெல்லிசு" என்றாள், கெட்டிலைப் பார்த்தபடி.
"நானும் எண்ணினேன். ஏழு.
நீ எடுத்திருந்தா கதவைத் தட்டியிருப்பேன்.
செருப்பு மாட்டிக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்."
எனக்குச் சர்க்கரை எத்தனை என்று கேட்டாள்.
மூன்று என்றேன்.
நான்கு போட்டாள்.

சாயங்காலம்
லாக்லனுக்கு ஒரு வரி அனுப்பினேன்:
இருக்கியா?
ஒற்றை டிக்.
பல் துலக்கினேன், இரண்டு நிமிடம்,
பின்பற்கள் வரைக்கும்,
ஈறில் ரத்தம் வந்தும் நிறுத்தாமல்.
வாயைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.
இன்னும் ஒற்றை.

கீழே இறங்கி நகவெட்டி கேட்டேன்.
நோட்டில் பெயர், அறை எண், வாங்கிய நேரம்.
திருப்பித் தந்த நேரம் என்ற கட்டத்தை
இப்போதைக்குக் காலியாக விடு என்றார்கள்.
படிக்கட்டிலேயே உட்கார்ந்து
இடதுகாலின் சாக்ஸைக் கழற்றினேன்.