எதிர்மனுதாரர்

வழக்கின் தலைப்பில் அவள் பெயர் இல்லை.
மனுதாரர்: டல்லிவர் குளிர்சரக்கு நிறுவனம், மிட்லண்ட், டெக்சஸ்.
எதிர்மனுதாரர்: மாண்பமை லோர்னா ப்ரூவிட்,
மாவட்ட நீதிபதி.
அசுசேனா பராகான் வருவது
மூன்றாம் பக்க அடிக்குறிப்பில்,
'மெய்யான அக்கறையுள்ள தரப்பு' என்று.
சட்டம் சில நேரம்
தன்னை அறியாமல் சரியாகப் பேசிவிடுகிறது.

லாரியின் கண்ணாடிக் கேமரா பதிந்தது
பதினான்கு விநாடி.
வெள்ளிக்கிழமைக்குள் கொடு என்றார் ப்ரூவிட்.
மாட்டோம் என்று சொல்ல
எங்களுக்கு அறுபத்திரண்டு பக்கம் பிடித்தது.

நான் வழக்கறிஞன் இல்லை.
பக்க எண் போடுகிறவன், மேற்கோள் சரிபார்க்கிறவன்,
இரவு பதினொன்றுக்குக்
காபி இயந்திரத்தைத் தட்டி எழுப்புகிறவன்.
'ஈடுசெய்ய இயலாத இழப்பு' என்று
பத்தொன்பது இடத்தில் அடித்தேன்.
ஓரிடத்தில் 'இயலாத' விடுபட்டிருந்தது.
திருத்தினேன்.

வாதம் எளிது:
பார்த்த கண்ணைப் பாராத கண்ணாக்க
எந்த மேல்முறையீட்டாலும் ஆகாது;
ஆகவே, மாண்பமை மன்றமே,
அசாதாரண நிவாரணமாக, இன்றே,
கீழ்மன்றத்தின் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

உறைக்கு முத்திரை வைக்குமுன்
அட்டை ஓடுகிறதா பார் என்றார்கள்.
பார்த்தேன்.
சாலை. தொலைவில் எண்ணெய் வயலின் தீ.
ரேடியோவோடு சேர்ந்து பாடும் ஓட்டுநர், சுருதி இல்லாமல்.
ஒன்பதாவது விநாடியில் வெள்ளை பிக்அப்,
அதில் நீண்டிருக்கும் ஏணி,
ஏணி நுனியில் யாரோ பொறுப்பாகக் கட்டிய
சிவப்புத் துணி.
பிரேக் சத்தம் கேட்கவில்லை.
பாட்டு கடைசிவரை கேட்டது.

விதிப்படி நீதிபதிக்கும் ஒரு பிரதி.
தொண்ணூறு மைல் ஓட்டிப் போனேன்.
வேலி தாண்டிய ஆடுகளின் வழக்கு நடந்துகொண்டிருந்தது.
தன்மீதே வந்த மனுவை
மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒருதரம் பார்த்தார்,
தண்ணீர்க் குவளைக்கு அடியில் வைத்தார்,
"மொத்தம் எத்தனை ஆடு என்றீர்கள்?"

இருபத்துமூன்றாம் நாள்
மேல்மன்றத்திலிருந்து ஒரே வரி:
மனு மறுக்கப்படுகிறது.
மறுப்பதற்குக் காரணம் எழுத வேண்டியதில்லையாம்.

இன்னும் மேலே ஒரு மன்றம் இருக்கிறது, ஆஸ்டினில்.
முகப்பை மட்டும் மாற்று என்றார்கள்.
மாற்றிக்கொண்டிருந்தேன்.
பக்கத்து மேசை ரோவீனா
தலையைத் தூக்கிக் கேட்டாள்:
"ஒரு வாரமாக முணுமுணுக்கிறாயே,
என்ன பாட்டு அது?"