மயிரிழை

பாடாங் செராயில் என் கண்ணாடிச் சட்டக் கடைக்கு
அந்த மாதம் பதினேழு பேர் வந்தார்கள்,
எல்லார் கையிலும் ஒரே படம்.

அட்டைக்குழலைக் கவிழ்த்துத் தட்டினால்
சுருண்டு விழும்:
ஏரி, படிக்கட்டு, கதவே இல்லாத சிவப்பு வாசல்,
அதன்மேல் வானம் கொள்ளாமல்
இளஞ்சிவப்புப் பூ.

கூலிம் பாக்டரியை வியட்நாமுக்குப் பெயர்த்துப் போகையில்
ஜப்பான் மேனேஜர் ஆளுக்கொன்று கொடுத்து
இடுப்பு மடியக் குனிந்தாராம்.
நிறத்துக்கொரு பலகை செதுக்கி
கையால் ஒற்றி எடுத்ததாம்.

"உள்ளே என்ன சாமி?" என்றாள் பார்வதம்.
எனக்கென்ன தெரியும்?
வாசலோடு நிறுத்திவிட்டான் வரைந்தவன்.
சரி, வாசலுக்கே பொட்டு வைத்துக்கொள்கிறேன் என்று
மலிவுச் சட்டத்தில் போட்டுக்கொண்டாள்,
இருபத்திரண்டு ரிங்கிட்.
நோர்லைலாவுக்கு வாசல் வேண்டாம், பூ போதும்.
மடித்துக் கொடுத்தேன்.

கடைசியாக வந்தவள் கோமளவல்லி.
பத்தொன்பது வருசம் கியூசி.
லென்சுக்கடியில் சில்லுகளைப் பார்த்த கண்,
வெறும் வெளிச்சத்திலும் சுருங்கியே இருந்தது.
படத்தை விரித்த கையோடு
ஒரு கிளையில் நகத்தை வைத்தாள்.

"இங்க பாருங்கண்ணே.
கோடு ஒரு பக்கம், கலர் ஒரு பக்கம்.
மயிரிழை தள்ளிப்போச்சு."

உண்மைதான்.
பூவின் சிவப்பு பூவுக்கு வெளியே நின்றது,
பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி.

"எங்க லைன்ல இது ரிஜெக்ட்.
ஸ்டிக்கர் ஒட்டி ஓரமா வெச்சிருப்பேன்."

பட்டறையில் இன்னும் மூன்று கிடந்தன.
வரிசையாக விரித்தோம்.
ஒன்றில் ஏரி வெளிறியிருந்தது.
ஒன்றில் படிக்கட்டின் மேல் ஒரு விரல்தடம், அல்லது மேகம்.
ஒன்றில் எல்லாம் சரி.
"அதை எடுத்துக்க, யாருக்குத் தெரியப் போவுது?"
தலையாட்டி மறுத்தாள்.
வெகுநேரம் அந்தக் கிளையையே பார்த்தவள்
திடீரென்று சிரித்தாள்:
"அவனுக்கும் நைட் சிப்டு போல."

ஓர அட்டையைக் குறுக்கி வெட்டச் சொன்னாள்.
அந்தக் கிளை மறையக் கூடாதாம்.
வெட்டிக் கொடுத்தேன்.

எதிர்ப்புறம், பாக்டரி பஸ் நிற்கும் இடத்தில்
தெக்கோமா உதிர்ந்து நாலு நாளாய்க் கிடக்கிறது.
மிதிக்க ஆளில்லை.

படத்தை மோட்டார் கூடைக்குள் சாய்த்துவைத்து
ஹெல்மெட்டை மாட்டியபடி கேட்டாள்,
"கடைக்கு ஆளு வேணுமாண்ணே?
கண்ணு நல்லாத் தெரியும்."

திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன்.

இன்றைக்கு வியாழன்.