செவ்வாய், மூன்று நாற்பது

நூற்றிருபதில் ஒன்று என் கணக்கு.
ஆள் என்றால் பதினைந்து மில்லிமீட்டர்.
நாய் என்றால் ஓர் அரிசி.
பில்சன் நகரத்து அடுக்குமாடியின் நிலவறையில்
எங்கள் உருளைக்கிழங்கு மூட்டைக்கும்
பக்கத்து வீட்டானின் பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் நடுவே
இரண்டரை மீட்டர் பலகையில்
ஒரு பிற்பகலைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நிலையத்தை அல்ல. பிற்பகலை.
லோமெசித்ஸே, 1981 மே 12.
என்னிடம் இருப்பது ஒரே புகைப்படம்,
பின்புறம் பென்சிலில் தேதி.
அதில் தெரிவதெல்லாம் இங்கே வரவேண்டும்.
தெரியாததும்தான்,
ரயில் மறுபக்கமும் போயாக வேண்டுமே.

புதுத் தண்டவாளத்தைப் பழசாக்க ஆறு மாதம்.
பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைக் காடியில் ஊறவைத்து
வந்த நீரைத் தூரிகையில் தொட்டுத் தொட்டு
பக்கவாட்டில் மட்டும் துரு;
சக்கரம் உரசும் மேல்தளம் பளபளக்க வேண்டும்.
(மேலே முற்றத்தில் என் சைக்கிள்
யார் தயவுமின்றித் துருப்பிடிக்கிறது.)
ஜல்லியைத் தேயிலை வடிகட்டியில் சலித்தேன்.
பசையில் தண்ணீர், தண்ணீரில் ஒரு சொட்டுச் சோப்பு,
ஊசிக்குழாயில் ஏற்றி
கட்டைக்குக் கட்டை சொட்டு விட்டேன்,
காய்ச்சல்காரனுக்கு மருந்து கொடுப்பதுபோல.
என்ஜின் நின்று மூச்சுவாங்கும் இடத்தில்
எண்ணெய்க் கறை.
கழிப்பறைக்குப் பின்னால்
வார்னிஷில் ஒரு குட்டை. முந்தின இரவு மழை பெய்ததா,
வானிலைக் கணக்கைத் தேடிப் பார்த்தேன். பெய்தது.

அக்கா திராகோமிரா அந்த ஊர் ரயில்வே கேட்டில்
பதினோரு வருடம் தடுப்புக்கட்டையை ஏற்றி இறக்கியவள்.
அவளைக் கூட்டிவந்து காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
மூக்கு புல்லில் படக் குனிந்தாள்.
நெடுநேரம் பேசவில்லை.
பிறகு, "கடிகாரம் தப்பு."

எந்தக் கடிகாரம்? நடைமேடையின் அந்தக் கடிகாரமா?
முட்களைத் தலைமுடியில் செய்து ஒட்டவே
இரண்டு வாரம் ஆயிற்று!

"அது ஒன்பது பத்தில் நின்றுபோனது.
நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலும் ஒன்பது பத்து,
விட்ட நாளிலும்."

படத்தில் வெயில் பட்டு
கடிகார முகம் வெள்ளையாகத்தான் இருக்கிறது.
வாயை மூடிக்கொண்டேன்.

"அப்புறம் இது யார்?"
நீதான். கேட்டருகே, ஆரஞ்சுச் சட்டை, கையில் கொடி.
படத்தில் முதுகுதான் தெரிகிறது, ஆனால் நீதான்.
"நான் இடதுகைக்காரி, ஓல்ட்ரிக்.
இவள் வலதுகையில் பிடித்திருக்கிறாள்.
இது க்வியேதா.
அன்றைக்கு எனக்குப் பதில் அவள் நின்றாள்."
நீ எங்கே இருந்தாய்?
"ப்ராகில்."

ப்ராகில் என்ன வேலை என்று கேட்கலாம்தான்.
அவள் அதற்குள்
மூன்றாவது தந்திக்கம்பம் சாய்ந்திருக்க வேண்டும்
என்று சொல்லிக்கொண்டிருந்தாள்,
தேவைக்குச் சற்று அதிக வேகத்தில்.
நாற்பத்திரண்டு வருடம் ஒரே மேசையில்
கிறிஸ்துமஸுக்குக் கெண்டைமீன் தின்றிருக்கிறோம்.

"என்னை எடுத்துவிடு," என்றாள்.
க்வியேதா குட்டை, கனமானவள், இது பொருந்தாதாம்.

சாமணத்தால் இடுப்பைப் பிடித்து மெல்ல அசைத்தேன்.
நல்ல பசை.
இன்னும் கொஞ்சம்.
டிக்கென்று கணுக்காலில் முறிந்து
அக்கா சாமணத்தோடு வந்துவிட்டாள்.
பூட்ஸ் இரண்டும் ஜல்லியிலேயே நின்றன.

சுரண்டிவிடவா, புல் வைத்து மூடவா?
லென்ஸை வாங்கி அவள் பார்த்தாள்.
முறிந்த உருவத்தைத் தன் மணிபர்ஸின் சில்லறை அறையில்
போட்டு மூடினாள்.
பதில் வரவில்லை.
"ரயிலை விடு," என்றாள் பிறகு.

குமிழைத் திருப்பினேன்.
வெட்டுமேட்டுக்குப் பின்னாலிருந்து சிவப்பு டீசல் வண்டி,
இரண்டு பெட்டி, ஜன்னலில் அழுக்கு.
கேட்டில் ஆளில்லை.
கட்டையை அவளே சுண்டுவிரலால் இறக்கினாள்,
இடது கை.
மூன்று நாற்பது வண்டி
ஒன்பது பத்துக்கு வந்து
நின்று
போயிற்று.